மெசின் நின்ற வாரம்

ஒக்டோபர் 9

எங்கட உழவு மெசின், ட்ரக்டர், வயலுக்கு நடுவில் நின்றுவிட்டதாம். இரண்டு தரம் இழுத்து, இளைத்து, அடங்கிவிட்டது என்கிறான் தம்பி. தாங்கியில் டீசல் பாதிக்கு மேலே இருக்கு. இங்கே கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 10

ஸ்டார்ட்டர் நல்லாய்ச் சுத்துதாம். புகை வருதோ என்று கேட்டேன். ஒரு பொட்டும் இல்லை. வெள்ளைப் புகையாவது தள்ளினால் டீசல் உள்ளே போய் எரியாமல் வருகிறது என்று பிடிக்கலாம். புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவேயில்லை. பற்றரியை விட்டிடு, டீசல் வாற வழியைப் பார் என்றேன். இயந்திரத்தை நிப்பாட்டுற கம்பி இழுபட்டபடி நிற்கிறதோ என்றும் பார்த்தான். இல்லை.

"உழவு தொடங்கியாச்சோ?" அப்பா. தொடங்கியாச்சு என்றேன். தொடங்கினது உண்மைதானே.

ஒக்டோபர் 11

நித்திரை இல்லை. வெள்ளவத்தையில் விடிய விடிய மழை. வயல் இருக்கிற மன்னார் முருங்கனில் இன்னும் இல்லையாம். அந்தக் கறுத்தக் களிமண்ணில் பெருமழை இறங்கினால் மெசினும் இறங்கேலாது, ஆளும் இறங்கேலாது. அதுக்குள்ளே உழவேணும்.

எங்கட மாசி பேர்குசன் 135இல் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இயந்திரம். தாங்கியின் அடியில் திறந்து மூடுற டப்பிலிருந்து டீசல் இறங்கி, கைப்பிடி வைத்த சின்னப் பம்ப், பில்டர், பெரிய பம்ப், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலை விசிறுகிற நொசில். இந்த வழியில் எங்கே காற்றுப் புகுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். காற்று நசியும், டீசல் நசியாது. பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் காற்றை நசிப்பதிலேயே போய்விடும், நொசில் திறக்காது.

போனைக் காதில் வைத்தபடி எயார் எடுத்தோம், புகுந்த காற்றை வெளியே விட்டோம். பில்டர் மேல் ஸ்க்ரூவை இளக்கிக் கைப்பிடியை அடி, நுரை போய்ச் சுத்த டீசல் வந்ததும் இறுக்கு. பிறகு பெரிய பம்பின் ஸ்க்ரூக்கள். கடைசியில் நொசில் நட்டுகளைக் கொஞ்சம் இளக்கி ஸ்டார்ட்டர். நடுவில் கைப்பிடி தொளதொளத்தது, அடி விழவில்லை. உள்ளே சுற்றுகிற கேமின் மேடு பம்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது அப்படித்தான், இயந்திரத்தை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடிக்க வந்தது.

ஓடிச்சுது! போனுக்குள்ளால் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப நின்றது.

பெரிய பம்ப் போச்சுது, கழற்றிக் கொழும்புக்கு அனுப்பு என்று கராச்சில் சொல்லுகினமாம். பம்ப் போயிருந்தால் எயார் எடுத்ததும் ஏன் ஓடவேணும்? கழற்ற விடமாட்டேன்.

ஒக்டோபர் 12

அப்பாவின் ரிப்போட் வரவில்லை.

ஒக்டோபர் 13

வார்டில் பார்வை நேரம் முடிந்ததும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். தெரு முழுக்கப் பழைய கியர்பொக்ஸும் றேடியேட்டரும். பில்டர், ரப்பர் சீல், செப்பு வாசர் எல்லாம் ஒரே கடையில் கிடைத்தன. பம்ப் கதையைச் சொன்னதும் கடைக்கார நானா பொதியைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டி வெச்சா திரும்ப எடுக்குதா?"

அங்கேயே தம்பியைக் கேட்டேன். ஓம், அரை மணித்தியாலம் விட்டு எயார் எடுத்தால் எடுக்குதாம்.

"அப்ப டேங்குக்குள்ள ஏதோ ஈக்குது. இழுக்கக்குள்ள டப் வாயில வந்து ஒட்டும், நின்டா வுழுந்துரும். மூடியில காத்து ஓட்டையையும் பாருங்க, அது அடைச்சாலும் இதே வருத்தம்தான்."

பம்ப் விற்கக்கூடிய ஆள். விற்கவில்லை.

ஒக்டோபர் 14

மூடியைத் திறந்துவைத்து ஓட்டியும் நின்றது. அப்ப பிழை மூடியில் இல்லை. சின்னப் பம்பில் குழாயைக் கழற்றி டப்பைத் திறக்க டீசல் மொத்தமாய்ப் பாய்ந்ததாம். "நல்லாத்தான் வருதக்கா" என்றான். விடு, வாளி நிறையட்டும் என்றேன். கொஞ்சம் போக நூலாய் வந்து நின்றுவிட்டது. முதல் பாய்ச்சலைப் பார்த்துவிட்டு டப்பை மூடியிருந்தால் இன்னும் பம்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்போம்.

பின்னேரம் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பதறவில்லை. எழும்பி இருந்தார். "டப்பைக் கழட்டினவனோ? உள்ளுக்கு ஒரு வலை இருக்கும், அது கிடக்குதோ?"

ஐந்து நாளாய் இவரை ஏன் கேட்கவில்லை.

ஒக்டோபர் 15

வலை கிழிஞ்சு தொங்குதாம். தாங்கியின் அடியில் தண்ணி, அதுக்கு மேலே மண்ணிறத்தில் வழுவழுவென்று ஒரு படை. டீசலும் தண்ணியும் சேருகிற இடத்தில் இப்படி வளரும், குழாய் வாய்க்கு அது போதும். 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கான் கானாய்ச் சேர்த்த டீசல். அந்தக் கான்களில்தான் அப்பா இன்னும் வாங்கி வைக்கிறார், ஒன்றையும் எறிய விடமாட்டார்.

டப்புக்குத் திரும்பப் பஞ்சிகாவத்தை. முதல் வாங்கின சாமான்களோடு சேர்த்துக் கட்டி மன்னார் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தாச்சு. அப்பா இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 16

தாங்கியைக் கழுவி, டப் மாற்றி, பில்டர் போட்டு, எயார் எடுத்து, மத்தியானத்திலிருந்து ஓடுது. நிற்கவில்லை.

ரிப்போட் வந்திட்டுது. நாளைக்குக் காலமை டொக்டர் கதைக்கவேணுமாம், வீட்டு ஆட்கள் எல்லாரும் வரவேணுமாம். தம்பியைக் கூப்பிடக்கூடாது, மேட்டுக்காணி முடியட்டும் என்கிறார் அப்பா. அங்கே மேற்கால இருட்டிக்கொண்டு வருதாம். இரவு பஸ்ஸில் சீட் இருக்கோ என்று கேட்கவேணும்.