பழைய வின்செஸ்டரை விரல் நுனியால் படிப்பது

2014 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த, வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாதிரி ரைபிள் ஒன்று தொல்லியல் பணியாளர்களின் கண்ணில் பட்டது. அதன் பின்கட்டையின் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. கட்டை வெயிலிலும் பனியிலும் வெளிறி, விரிசல் கண்டு, மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றிப் போயிருந்தது. 1882இல் அது தொழிற்சாலையிலிருந்து வெளியே போனது என்பதை வரிசை எண் காட்டிக்கொடுத்ததே தவிர, அதை அங்கே சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் யார் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) என்ற நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அதை அனுப்பியபோது, அங்கிருந்தவர்கள் துருவைத் தேய்த்து எடுக்கவில்லை, புதிய கட்டை பொருத்தவில்லை. உதிர்ந்துகொண்டிருந்த மரத்தை மேலும் உதிராமல் நிலைப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பின்கட்டையின் உள்ளறையில் ஒரு தோட்டா பத்திரமாக இருந்தது தெரிந்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வந்தது. அடியிலுள்ள லீவரை இயக்கித் தோட்டா ஏற்றும் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள்களைச் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் நான் வாங்கிய முதல் ரைபிளும் ஒரு வின்செஸ்டர் 1873தான். எட்டுப் பட்டைக் குழல், கருநீல மினுமினுப்பு, கண்ணாடி போன்ற வார்னிஷ். நூறு ஆண்டுகளைக் கடந்த பொருள் இவ்வளவு புதிதாக இருக்கிறதே என்று வியந்து வாங்கினேன். விற்றவர் அது துருவைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே இரும்பில் ஏற்றிய நீலம் என்றார், நானும் நம்பினேன். சில மாதங்கள் கழித்து, என்னைவிட நீண்ட அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தின் மீது விரல் நுனியை மெதுவாக ஓட்டினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

தொழிற்சாலையிலிருந்து வந்த ரைபிளில், சேரும் இடத்தில் மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்தே நிற்கும். அப்படித்தான் பொருத்தினார்கள். என் ரைபிளில் மரம் தாழ்ந்து, இரும்பின் ஓரம் விரலில் தட்டியது. யாரோ உப்புத்தாள் போட்டுக் கட்டையைத் தேய்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அதன் பிறகு, இரும்பையும் தேய்த்துப் பின்னாளில் நீலம் ஏற்றியிருந்ததன் அடையாளங்கள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கின. குழலின் எட்டுப் பட்டைகளும் சந்திக்கும் விளிம்புகள் கத்தி முனைபோல் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தன. திருகாணித் துளைகளைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்திருந்தது. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் துளையின் ஓரம்தான் முதலில் கரையும். குழலின் மேல் பொறிக்கப்படும் எழுத்துகளில் 1860 அக்டோபர் 16, 1866 மார்ச் 29 என்று இரண்டு காப்புரிமைத் தேதிகள் இருக்கும். முதலாவது பெஞ்சமின் டைலர் ஹென்றியுடையது. இரண்டாவது, துப்பாக்கியின் இயங்கு பாகங்களை அடக்கிய உலோகக் கூடான ரிசீவரின் பக்கவாட்டில் தோட்டா செருகும் வாயிலை அமைத்த நெல்சன் கிங்குடையது. என் ரைபிளில் அந்த எழுத்துகளின் ஓரங்கள் உருகிய மெழுகைப்போல் வழிந்து தெரிந்தன.

பழைய நீலத்துக்கு ஒரு நடத்தை உண்டு. கை படும் இடங்களில் அது முதலில் தேயும்; 1873இன் ரிசீவரில் செதில் செதிலாக உரிந்து, அடியிலிருக்கும் உலோகம் சாம்பலாகவும் பழுப்பாகவும் மாறும். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் ஹேமரிலும், லீவரிலும் தொழிற்சாலை தந்தது நீலமன்று. எலும்புக்கரியோடு சூடேற்றிக் கடினமாக்கியதால் படர்ந்த பல நிறத் திட்டுகள். ஹேமரும் லீவரும் ரிசீவரும் ஒரே கருநீலத்தில் மின்னுகிற 1873ஐப் பார்த்தால், விலை கேட்பதற்கு முன் ஐயப்படுங்கள்.

1873க்கு முன்பு வந்த ஹென்றி ரைபிளும் அதைத் தொடர்ந்து வந்த 1866 மாதிரியும் மஞ்சள் உலோக ரிசீவர் கொண்டவை. அவற்றுக்கு இத்தாலியில் செய்யப்படும் நல்ல நகல்கள் இருப்பதால், நகல் செய்தவரின் முத்திரையை அரம் போட்டு அழித்த தடம் எங்காவது இருக்கிறதா என்று அங்கே கூடுதலாகத் தேட வேண்டும். ஹென்றியில் உற்பத்தியானவை ஏறத்தாழ 14,000 மட்டுமே. 1873இலோ 7,00,000க்கும் மேல். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892, 1894 மாதிரிகள், மார்லின், சேவேஜ் நிறுவனங்களின் ரைபிள்கள் ஆகியவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

குழல் மாற்றப்பட்டதா என்பதுதான் புதியவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி. வின்செஸ்டர் நிறுவனம் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகள் கொண்ட சோதனை முத்திரையை 1905 முதல்தான் இடத் தொடங்கியது. 1880களின் வரிசை எண் உள்ள ஒரு ரைபிளில், குழலில் அந்த முத்திரை இருந்து ரிசீவரில் இல்லாவிட்டால், அந்தக் குழல் பிற்காலத்தில் பொருத்தப்பட்டது என்று கொள்ளலாம். அதனால் ரைபிள் பொய்யாகிவிடாது; விலை மட்டும் அதற்கேற்ப இறங்க வேண்டும். கோடி அருங்காட்சியகத்தில் பல மாதிரிகளுக்கான தொழிற்சாலைப் பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், குழலின் வகை, அனுப்பிய நாள் முதலிய குறிப்புகளோடு கடிதம் தருகிறார்கள். எட்டுப் பட்டைக் குழல் என்று பேரேடு சொல்லி, கையிலிருப்பது உருண்டைக் குழலாக இருந்தால், பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாக வகைப்படுத்துவதால், 1894 மாதிரியைப் போல் அந்த ஆண்டுக்குப் பிறகும் செய்யப்பட்டவற்றில் வரிசை எண்ணுக்குத் தனிக் கனம் சேர்ந்துவிடுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ரைபிளைக் கையில் எடுத்தாலும் லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது முதல் வேலை. கரிமருந்துக் காலத்து அமைப்புகள் இன்றைய அதிக அழுத்தத் தோட்டாக்களைத் தாங்கா என்பதால், என்னிடமுள்ளவற்றை நான் சுடுவதில்லை.

பழம்பொருள் துப்பாக்கிகளுக்கான அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கத்தின் தர அளவீட்டில், எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து, மேற்பூச்சு 80 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருந்தால் அது ‘எக்ஸலன்ட்’ தரம். 30க்கு மேல் இருந்தால் அடுத்தது. அதற்கும் கீழே, பூச்சு முழுவதும் போயிருந்தாலும் பரப்பு வழுவழுப்பாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் இருந்தால், அதையும் ‘மிக நல்ல’ தரத்திலேயே சேர்க்கிறார்கள். பூச்சே இல்லாத பழுப்பு நிற ரைபிளுக்கு மரியாதையான இடம் கொடுக்கும் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

என் முதல் 1873ஐ நான் விற்கவில்லை. சேகரிக்க ஆசைப்பட்டு யாராவது வீட்டுக்கு வந்தால், நல்ல நிலையிலுள்ள மற்றொரு 1873ஐ அதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். இதுவரை எல்லோருமே முதலில் மினுமினுப்பானதைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள்.