பாட்டரி விட்டுவைத்த இடத்தில் பைகள்

மூன்று நாள் பயணத்துக்கான எட்டுக் கிலோ சாமான்களை என் மிதிவண்டியில் ஏற்றுவதற்கு நான்கு வார இறுதிகள் பிடித்தன என்று சொன்னால், கேரியரில் அரிசி மூட்டையும் இருபுறமும் பால் கேன்களுமாகப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்த வண்டிகள் சுமைக்கென்றே செய்யப்பட்டவை. என்னுடையது வளைந்த ஹேண்டில்பாரும் 40 மி.மீ. அகல டயர்களும் கொண்டு, தார்ச்சாலையிலும் சரளை மண்பாதையிலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய கிராவல் வகை. அதிலும் மோட்டார் வைத்தது.

மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. மாலே எக்ஸ்35 என்ற அமைப்பு. 250 வாட் திறன், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சுமார் 250 வாட்-மணி கொள்ளும் பாட்டரி ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் அடங்கியிருப்பதால், வழியில் அதைக் கழற்றி அறைக்கு எடுத்துச் செல்ல முடியாது. வண்டியையே பிளக் இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் பாட்டில் வடிவத்தில் 208 வாட்-மணியில் ஒரு கூடுதல் பாட்டரியும் வைத்திருக்கிறேன். நான் வசிக்கும் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து ரயிலில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் சென்று, அங்கிருந்து போடன்சே ஏரியை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளின் வழியாகச் சுற்றி வருவதாகத் திட்டம். கூடாரம் கிடையாது, இரண்டு இரவும் விடுதிதான்.

கிராவல் வண்டிக்காரர்கள் பெரும்பாலோர் கேரியர் வைப்பதில்லை. சீட்டுக்குப் பின்னால் நீண்டு நிற்கும் ஒரு பை, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு பை, ஹேண்டில்பாரில் உருளையாகச் சுற்றிய ஒரு பை என்று வார்களால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நானும் அந்த வழியில்தான் தொடங்கினேன். அதில் கண்டுகொண்ட முதல் விஷயம், அந்தப் பைகளெல்லாம் ஆறடி மனிதர்களுக்கானவை என்பது. என் உயரத்துக்கு வாங்கிய சிறிய ஃபிரேமில் சீட்டுக்கும் பின்டயருக்கும் இடையே அளந்து பார்த்தால் 19 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. 14 லிட்டர் பையை நிரப்பிக் கட்டி, தெருமுனையில் நடைபாதை விளிம்பின் மேல் ஒரு முறை ஏற்றி இறக்கியதும், பையின் அடிப்பகுதி டயரில் உரசிய சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தேய்மானம். அதோடு, பெடலை மிதிக்க மிதிக்க அந்தப் பை நாய் வாலைப்போல இடமும் வலமுமாக ஆடியது.

முக்கோணப் பை அதற்கு முன்பே அடிபட்டுப் போயிருந்தது. கூடுதல் பாட்டரி சீட் குழாயில் உள்ள பாட்டில் கூட்டில் அமர்ந்துவிடுகிறது. அதிலிருந்து வரும் கேபிள், பெடல் அச்சுக்குச் சற்று மேலே உள்ள சார்ஜிங் துளையில் செருகப்படுகிறது. எஞ்சிய இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் நிற்கும், அவ்வளவுதான். பார் கம்பியின் மேல் ஒட்டினாற்போல் வைக்கும் சின்னப் பையையாவது மாட்டுவோம் என்று, கைப்பேசிக்கும் கடலை மிட்டாய்க்கும் ஒன்றை வாங்கி வந்தேன். கட்டி முடித்துவிட்டு மோட்டாரை இயக்கப் போனால் பொத்தானைக் காணோம். இந்த அமைப்பில் ஒரே ஒரு பொத்தான்தான். அது பார் கம்பியின் மேல்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை அதைச் சுற்றியுள்ள விளக்கு வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறிச் சொல்லும். பை அதன் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பை இப்போது வீட்டுச் சாவிகள் வைக்கப் பயன்படுகிறது.

ஆகவே கேரியருக்கே திரும்பினேன். பின்சக்கரத்தின் அச்சையே பிடிமானமாகக் கொண்டு மாட்டும் கேரியர்கள் இப்போது நிறைய வருகின்றன; ஆனால் அவை ஃபிரேமுக்கு ஊடாக உருவி எடுக்கும் நீள அச்சு உள்ள சக்கரங்களுக்கானவை. என் மோட்டார் சக்கரமோ இருபுறமும் நட்டு போட்டு இறுக்கப்பட்டது, அச்சும் சுழலாதபடி பூட்டப்பட்டது. நல்லவேளையாக ஃபிரேமில் திருகுத் துளைகள் இருந்தன. சுமை வரம்பு 18 கிலோ என்று பொறிக்கப்பட்ட ஓர் அலுமினியக் கேரியரை அவற்றில் மாட்டினேன்.

மாட்டுவது பத்து நிமிட வேலைதான். சரியாக மாட்டுவதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. செயின் இருக்கும் வலப்பக்கத்தில், கேரியரோடு வந்த போல்ட்டின் நுனி ஃபிரேமைத் தாண்டி உள்பக்கம் 3 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. செயின் நடுப் பற்களில் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் டிக் டிக் என்று போல்ட்டைத் தட்டிக்கொண்டே போனது. நீளம் குறைந்த போல்ட் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. இடப்பக்கத்தில் வேறு சங்கடம். மோட்டாரின் கேபிள் அச்சிலிருந்து வெளியே வந்து, ஃபிரேமை ஒட்டி ஓடி, ஒரு பிளக்கில் இணைகிறது. கேரியரின் கால் அதன் மேலேயே சாய்ந்து நின்றது. ஃபிரேமுக்கும் கேரியர் காலுக்கும் நடுவே 8 மி.மீ. அலுமினிய வளையம் ஒன்றைக் கொடுத்துக் காலைத் தள்ளிவைத்து, கேபிளுக்குப் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுற்றினேன். பின்சக்கரம் பஞ்சரானால் இந்தப் பிளக்கைக் கழற்றினால்தான் சக்கரம் வெளியே வரும் என்பதால், கேரியர் மாட்டிய பிறகும் விரல் அதுவரை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டுக்கான ஸ்பேனரும் பயண சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

இரண்டு சிறிய பக்கப்பைகளை மாட்டினேன். கிராவல் வண்டிகளின் பின்பகுதி குட்டையானது. பையை நடுவில் மாட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் இடிக்கிறது. கொக்கிகளைக் கடைசித் துளைவரை பின்னுக்குத் தள்ளியதும் குதிகால் தப்பியது. ஆனால் மோட்டார், பைகள், நான் என்று எல்லோரும் பின்சக்கரத்தின் மேலேயே ஏறிக்கொண்டதில், முன்பக்கம் காற்றாடி போல லேசாகிவிட்டது. இறக்கத்தில் ஒரு கையை எடுத்து மூக்கைத் தொட்டால் ஹேண்டில்பார் நடுங்குகிறது. முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு 3 கிலோ தாங்கும் துளைகள் இருந்ததால், வலப்பக்கம் ஒரு லிட்டர் தண்ணீரையும் இடப்பக்கம் ஸ்பேனர், டியூப், காற்றுப் பம்பு அடங்கிய உருளையையும் கட்டினேன். நடுக்கம் நின்றது. ஹேண்டில்பாரில் மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் மட்டுமே உள்ள மெலிந்த பை. அதுவும் முன்விளக்கை மறைத்ததால் விளக்கை ஃபோர்க்கின் தலைப்பகுதிக்கு இறக்க வேண்டியிருந்தது. சீட் கம்பியில் இருந்த பின்விளக்கும் பைகளுக்குள் மறைந்துபோய், கேரியரின் பின்தகட்டுக்கு இடம் மாறியது.

மோட்டார் இருக்கும்போது எடையைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்டார்கள். சமதரையில் அது உண்மைதான். எட்டுக் கிலோ கூடியதே தெரியாது. ஆனால் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே எல்லாம் நம் கால்தான். நின்ற இடத்தில் வண்டியைச் சாய்த்து வைக்கும்போது மோட்டார் உதவுவதில்லை. ரயில் நிலையப் படிக்கட்டில் அது வெறும் எடை.

சாமான்களில் என்னை மிகவும் அலைக்கழித்தது சார்ஜர்தான். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, செங்கல் போன்ற உருவம், அதிர்ச்சியும் ஈரமும் ஆகாத குணம். பையின் அடியில் போட்டால் சரளையில் குலுங்குகிறது. மேலே வைத்தால் பை ஆடுகிறது. கடைசியில் இடப்பையின் முன்மூலையில், ஃபிரேமை ஒட்டினாற்போல், இரவு உடைக்குள் சுருட்டி வைத்தேன்.

ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் புறப்பட்டேன். லிண்டாவ், பிரெகென்ஸ் தாண்டி, ரைன் நதி ஏரியில் கலக்கும் சமவெளியில் சில கிலோமீட்டர் சரளைப் பாதையில் போனேன். அங்கேதான் புதிய சத்தம் ஒன்று கிளம்பியது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கக் கேரியர் போல்ட் இரண்டு சுற்று கழன்றிருந்தது. அந்த ஒன்றில் மட்டும் திருகுப் பசை போட மறந்திருக்கிறேன். பின்டயரில் காற்றும் குறைவாகத் தோன்ற, 2.8 பார் அழுத்தத்திலிருந்து 3.2க்கு ஏற்றினேன், சரளையில் சற்றுத் தூக்கிப்போட்டாலும் சக்கர விளிம்பு இடிக்கவில்லை.

சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டி, மாலையில் ரோமான்ஸ்ஹார்ன் விடுதியை அடைந்தபோது விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. வண்டி நிறுத்தும் கொட்டகையில் பிளக் இருந்தது. ஆனால் சுவிட்சர்லாந்தின் சாக்கெட் சுவருக்குள் குழிந்த அறுகோணம்; மூன்று சின்னத் துளைகள். என் சார்ஜரின் தடித்த வட்ட ஜெர்மன் பிளக் அதற்குள் நுழையவே நுழையாது. தட்டையான இரட்டைமுனை கொண்ட கைப்பேசி சார்ஜர் மட்டும் சொன்னபடி கேட்டது. இத்தனை வாரம் போல்ட்டின் மில்லிமீட்டர்களை அளந்தவனுக்கு ஏரியின் தென்கரை வேறு நாடு என்பது நினைவில் இல்லை. விடுதிக்கார அம்மா சமையலறை இழுப்பறையைத் துழாவி ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்து, காலையில் மறக்காமல் திருப்பித் தரும்படி இரண்டு முறை சொன்னார். மறுநாள் வழியில் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அது இப்போது சார்ஜரோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது.

மற்ற இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பைகளின் தரப்பில் அது நல்ல செய்தி. ஷ்டைன் அம் ரைன், ராடோல்ஃப்செல், ஊபர்லிங்கன், மேர்ஸ்பர்க் என்று ஆப்பிள் தோட்டங்களுக்கு ஊடாகவே பாதை. திரும்பி வந்ததும் தொலைபேசியில் அக்கா, வண்டியை அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவாயேன் என்றாள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியை ஏற்ற விடமாட்டார்கள். என் பாட்டில் பாட்டரிகூட அந்த வரம்பைத் தாண்டுகிறது என்று விளக்கிச் சொன்னேன். அப்படியானால் அப்பாவின் பழைய சைக்கிள் கொட்டகையில்தான் இருக்கிறது, கேரியரும் நன்றாக இருக்கிறது என்றாள்.

திரும்பும் ரயிலிலிருந்து இறங்கிய இடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பக்கப்பைகளையும் கொக்கியிலிருந்து கழற்றித் தோளில் மாட்டி முதலில் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து வண்டியைத் தூக்கினேன். கேரியரும் கூடுதல் பாட்டரியும் சேர்த்து 17 கிலோ, 31 படிகள்.