முள்ளோடைக்கு இரு பக்கமும் ஒரே மாதத்துக் கணக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும்போது முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1946இல் இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. இரண்டாம் உலகப் போரில் நட்பு நாடுகளுக்கு உடனே பணம் கேட்காமல் சரக்கு தர அமெரிக்கா வைத்திருந்தது கடன்-குத்தகை (Lend-Lease) திட்டம். அதில் கொடுத்த சரக்குக்கு இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் கணக்கு முடித்தது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். இந்தியா 16ஆம் தேதி, பிரான்ஸ் 28ஆம் தேதி. வட்டி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்த மாதிரி ஒப்பந்தங்களை எடைபோடுகிறோம். டாலரிலா, வெள்ளியிலா, உள்ளூர்ப் பணத்திலா, எதில் திருப்பித் தர வேண்டும் என்ற வரிதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

பேச்சுவார்த்தையில் சரக்கை மூன்றாகப் பிரித்தார்கள். போரில் தீர்ந்துபோனதற்குப் பெரும்பாலும் பணம் கேட்கவில்லை. போர் முடிந்தபோது வழியில் இருந்தது, ஆர்டர் கொடுத்து இன்னும் வராதது இரண்டுக்கும் விலை உண்டு. மூன்றாவது, அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற உபரி: லாரி, டயர், கூடாரம், உதிரி பாகம். இதில்தான் பேரம். வாங்கிய விலையை விற்பவர் காட்டுவார். ஆனால் படை ஊர் திரும்பிவிட்டால் காவல் போட ஆள் கிடையாது, மழையில் நனைந்த சரக்குக்கு மதிப்பும் கிடையாது. உருப்படி உருப்படியாக எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணி முடிப்பதற்குள் பாதி வீணாகிவிடும். அதனால் இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில், மொத்தமாக ஒரு தொகை என்று பேசி முடித்தார்கள். பிரான்ஸ் இப்படி ஏற்றது 72 கோடி டாலர், அதில் உபரிக்கு 30 கோடி. வட்டி 2 சதவீதம்.

பிரிட்டன் 1945 டிசம்பரிலேயே முடித்திருந்தது. 375 கோடி டாலர் கடன், அதோடு கடன்-குத்தகைக் கணக்குக்கு 65 கோடி. 1951 வரை வட்டி கிடையாது, பிறகு 2 சதவீத வட்டியோடு 50 சம ஆண்டுத் தவணை. ஆயிரம் டாலருக்கு ஆண்டுக்கு 31.823 டாலர். முதல் தவணையில் 20 டாலர் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 11.823 மட்டும். கட்டி முடிக்கும்போது ஆயிரத்துக்கு 1,591 டாலர். மோசமான ஆண்டில் வட்டியை விட்டுத்தரக் கேட்கலாம் என்று ஒரு பிரிவும் இருந்தது. நிபந்தனை சிக்கலாக இருந்ததால் தேவைப்பட்டபோது அது கைகொடுக்கவில்லை. 1957இல் திருத்தி, ஏழு தவணை வரை தள்ளிப்போடலாம் என்றார்கள். ஆறு தவணை தள்ளிப்போனது. கடைசித் தவணை 2006 டிசம்பரில்.

இந்தியாவின் கணக்கில் பொதுவான சரக்குக் கடன் இரு பக்கமும் கழிந்துபோனது. மீந்தது வெள்ளி. போர்க்காலத்தில் நாணயத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வாங்கிய 22.6 கோடி அவுன்ஸை, வெள்ளியாகவே, அவுன்ஸுக்கு அவுன்ஸ் திருப்பித் தர வேண்டும். கெடு 1957 ஏப்ரல். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானும் ஒரு பங்கை ஏற்றது. அப்போதைய ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம், அதில் பாதி வெள்ளி. ஒரு அவுன்ஸுக்கு சுமார் 5.3 நாணயம் உருக்க வேண்டும், மொத்தக் கடனுக்கு சுமார் 120 கோடி நாணயம். 1947இல் நிக்கல் ரூபாய் வந்ததும் பழைய நாணயங்களைத் திரும்பப் பெற முடிந்தது. போர்க்காலத்தில் அயல்நாட்டு வெள்ளிக்கு 45 சென்ட் என்று உச்சவரம்பு இருந்தது, 1957இல் விலை 90 சென்ட்டைத் தொட்டது. விலையேற்றம் முழுக்கக் கடனாளி தலையில். ஆனாலும் இது நல்ல பேரம் என்றே சொல்வேன். அன்று இந்தியாவிடம் டாலர்தான் அருமை, வெள்ளி மக்கள் கையில் இருந்தது.

உள்ளூர்ப் பணத்தில் கட்டுவது இதற்கு நேர் எதிர். 1946 ஆகஸ்டில் வந்த ஃபுல்பிரைட் சட்டம், உபரி விற்ற அயல்நாட்டுப் பணத்தை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிட வழி செய்தது. இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில். 1956இலிருந்து பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தில் வந்த கோதுமைக்கும் ரூபாயில்தான் கட்டினோம். வாங்குபவருக்கு டாலர் மிச்சம். விற்றவரிடம் செலவழிக்க முடியாத ரூபாய் ஆண்டுக்காண்டு குவிந்தது. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் கொடுத்தார்.