மயக்கம் என்ற ஒரு சொல்

திருச்சியில் செவிலியர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டை முடித்த கையோடு எனக்குத் திருமணமானது. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் கணவருடன் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்தேன். எடுத்த படிப்பைக் கைவிட மனமில்லாததால், ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் முதலிலிருந்து சேர்ந்து, சனிக்கிழமைகளில் அந்த வட்டாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்ற அனுமதி பெற்றேன்.

தன்னார்வலர் ஊசி போடக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது, காயத்தைத் தொடக்கூடாது. சக்கர நாற்காலியைத் தள்ளலாம், தாமாக உண்ண இயலாதவருக்கு ஊட்டலாம், மலாய் தெரியாத முதியவர்களுக்காகப் பேசலாம். ஊரில் இரண்டாண்டுகள் வார்டில் நின்றவள் என்பதால் முதலில் எனக்கு இது பெரிய குறையாகவே பட்டது. பேசுவது எளிய வேலை என்று அப்போது நினைத்திருந்தேன்.

நான் எதிர்பார்த்தது மலாய் மொழியின் சிரமத்தை மட்டுமே. தமிழையும் மறுபடி கற்க வேண்டியிருக்கும் என்று எண்ணியதில்லை. நாம் செவிலியர் என்பவரை இங்குள்ள நாளிதழ்கள் தாதி என்று எழுதுகின்றன. தோட்டத்துப் பெரியவர்களோ 'மிஸ்ஸி' என்கிறார்கள். நாம் சர்க்கரை நோய் என்பது இங்கே இனிப்பு நீர். காலையில் சாப்பிட்டாயா என்று எவரும் கேட்பதில்லை, 'பசியாறிட்டியா' என்றுதான் கேட்கிறார்கள். சங்க நூல்களில் இருந்து எடுத்து வைத்ததைப் போன்ற அந்தச் சொல் மருத்துவமனை வராந்தாவில் சர்வ சாதாரணமாகப் புழங்குவதைக் கேட்டபோது, வீட்டை விட்டு வந்த ஏக்கம் சற்றுத் தணிந்தது.

எண்களும் மாறியிருந்தன. முதல் சனிக்கிழமை, ஒரு பெரியவரின் விரலில் இருந்து எடுத்த இரத்தத் துளியில் சர்க்கரை அளவைச் சோதித்த கருவி 15 என்று காட்டியதும் என் நெஞ்சு திக்கென்றது. இந்தியாவில் 70க்குக் கீழே போனாலே ஓடிவருவோம். அருகில் நின்ற மூத்த தாதி பதற்றமில்லாமல் குறித்துக்கொண்டார். அவரை நான் 'காக்காக்' என்று அழைப்பேன், மலாயில் அக்கா என்று பொருள். இங்கே அளவு மில்லிமோல் கணக்கில் வரும் என்றும், அதை 18ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும் என்றும் அவர்தான் விளக்கினார். அந்தப் பெரியவருக்கு இருந்தது 270. குறைவு என்று நான் பதறியது உண்மையில் மிகுதி. அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டேன்.

இனிப்பு நீர் இந்த வட்டாரத்துத் தமிழரை எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறது என்பதைப் பாடத்தில் படித்ததைவிட வார்டில்தான் உணர்ந்தேன். 2019 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அந்த எண்ணுக்குள் இருப்பவர்களில் ஒருவர்தான், கால் புண்ணோடு வந்து படுத்திருந்த ரப்பர் தோட்டத்து முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான பாட்டி.

நான் காலை ஏழு மணிக்கு உள்ளே நுழையும்போதே திருநீறு பூசித் தலைவாரி உட்கார்ந்திருப்பார். "நாலு மணிக்கே முழிச்சிருவேன் மிஸ்ஸி, பெரட்டுக்குப் போன உடம்பு இது" என்பார். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தொடங்கும் வேலை அது. மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தி பிடித்த வலது கையின் விரல்கள் இன்னும் முழுதாக விரிவதில்லை. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் அழுத்திப் பார்த்ததை நான் அருகிலிருந்து கவனித்தேன். இழை வளையும் அளவுக்கு அழுத்தும்போது பாதத்தில் விழும் விசை 10 கிராம். பெருவிரலின் அடியில், முன்பாதத்தில், குதிகாலுக்கு மேலே என்று இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது. "பட்டால் சொல்லுங்க" என்று நான் சொல்லியிருந்தேன். பாட்டி கூரையைப் பார்த்தபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எண்ணிக் காத்திருந்தார்.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என் தவறு நடந்தது. காலை பத்து மணியளவில் பாட்டி என் கையைப் பிடித்து, "மயக்கமா வருதும்மா" என்றார். கை சில்லிட்டு, நெற்றி வியர்த்திருந்தது. நான் ஓடிப்போய், அப்போது எனக்குத் தெரிந்திருந்த மலாய்ச் சொல்லான 'பெங்சான்' என்பதைச் சொன்னேன். அது நினைவிழந்து விழுவதைக் குறிக்கும் சொல். இதயமோ என்று மருத்துவர் விரைந்து வந்தார், இதயத் துடிப்பைப் பதியும் கருவியும் வந்தது. காக்காக் மட்டும் பாட்டியின் கண்களைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "பெங்சானா, பூசிங்கா?" என்று கேட்டார். பூசிங் என்றால் தலைச்சுற்றல். தமிழில் மயக்கம் என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பாட்டியிடம் திரும்பி முறையாகக் கேட்டேன். கீழே விழுவது போலவா, சுற்றுவது போலவா, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் விடை கிடைத்தது. மாத்திரையை விழுங்கிவிட்டார், ஆனால் பசியாற வந்த மீஹூன் என்னும் அரிசி நூடுல்ஸில் நெத்திலி கிடந்ததால் புரட்டாசிச் சனியென்று அதைத் தொடாமல் மூடி வைத்துவிட்டார். சைவம் என்று சொன்னால் சைவ உணவு வந்திருக்கும். அவர் எவரிடமும் சொல்லவில்லை, அவருடைய மொழியைப் பேசும் ஒரே ஆளான நானும் கேட்கவில்லை. கருவி 3.1 காட்டியது, நம் கணக்கில் 56. குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துச் சோதித்தபோது 5.4 ஆகியிருந்தது.

ஊசி போட அனுமதி இல்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தவள், எனக்கென்று ஒப்படைக்கப்பட்ட ஒரே வேலையை அன்று காலை ஏழு மணிக்குச் செய்யத் தவறியிருந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் தட்டின் மூடியைத் திறந்து பார்க்கிறேன். இன்று என்ன நாள், என்ன விரதம், பசியாறிய பிறகா மாத்திரை என்று கேட்கிறேன். குறிப்பேட்டில் மயக்கம் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்: தலைச்சுற்று, கிறுகிறுப்பு, கண் இருட்டுதல், நினைவு தப்புதல், ஒவ்வொன்றுக்கும் எதிரே மலாய்ச் சொல்.

பாட்டியின் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. புண் ஆறத் தொடங்கியதும் பேரன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனான். அன்று காக்காக்கின் ஒப்புதலோடு, படிக்கத் தெரியாத பாட்டிக்காக ஓர் அட்டையில் சூரியனும் நிலவும் தட்டும் மாத்திரையும் வரைந்து, தட்டு முதலில், மாத்திரை அதன் பக்கத்தில் என்று விளக்கினேன். சனிக்கிழமைக்கு நேராக வாழை இலை ஒன்றும் வரைந்திருந்தேன். பாட்டி அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தான் வெள்ளிக்கிழமையும் சைவம் என்றும், கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமைகளில் பொழுது சாயும்வரை எதுவும் உண்பதில்லை என்றும் சொன்னார். வெள்ளிக்கு இன்னொரு இலையை வரைந்தேன். திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டு வர, அட்டையோடு மருத்துவரைத் தேடிப் போனேன்.