ஓர் ஈ பிளாட்டும் மூன்று வாரங்களும்

ஜப்பானியத் தந்தி வாத்தியமான கோட்டோவையும் மூங்கில் குழலான ஷாகுஹாச்சியையும் மட்டும் கொண்டு கணினியில் நான் அமைத்துவரும் நான்கு நிமிட இசை, மூன்று வாரங்களாக ஒரே சுரத்தில் சிக்கிக் கிடந்து, நேற்றிரவுதான் நகர்ந்தது.

கோட்டோவின் பகுதி ஒரே மாலையில் முடிந்துவிட்டது. 13 தந்திகளையும் மேற்கத்திய சுரமான டி-யை ஆதாரமாக வைத்து, ஹிராஜோஷி என்னும் ஐந்து சுரச் சுருதிசேர்ப்பில் சேர்த்தேன்; நம் கணக்கில் ஸ ரி1 ம1 ப த1, அதாவது கர்நாடக சுத்த சாவேரியின் சுரங்கள். பழக்கதோஷத்தில் ரிஷபத்தை அசைத்துவிட்டால் கோட்டோ வீணையாகிவிடுகிறது.

அந்த ரிஷபம்தான், அதாவது மேற்கத்தியப் பெயரில் ஈ பிளாட்தான், ஷாகுஹாச்சியில் என்னைப் படுத்தியது. 54.5 செ.மீ. நீளமுள்ள வழக்கமான குழலில் ஐந்தே துளைகள். டி, எஃப், ஜி, ஏ, சி ஆகியவை நேராகக் கிடைக்கும். ஈ பிளாட் வேண்டுமென்றால் எஃப் தரும் துளையை ஓரளவு மூடி, முகவாயைத் தாழ்த்தி ஊத வேண்டும். மெரி எனப்படும் இந்த முறையில் சுருதி இறங்குவதோடு ஒலியும் மங்கி உள்ளொடுங்குகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய, ஒவ்வொரு சுரமும் தனித்தனியே பதிவான ஒலித்தொகுப்பிலோ ஈ பிளாட்டும் டி-யைப் போலவே பளிச்சென்று ஒலிக்கிறது.

ஒலியளவைக் குறைத்தேன், குழல் தூரத்தில் போனதே தவிர மங்கவில்லை. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டர் போட்டதும் சளி பிடித்த குரலாயிற்று. கடைசியில் ஈ பிளாட் பதிவையே ஒதுக்கிவிட்டு, எஃப் பதிவை எடுத்து, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் இரண்டு அரைச்சுரம் இறக்கினேன். சக்கரம் எட்டக்கூடிய பெண்ட் வீச்சு 2 அரைச்சுரமாகவே இருந்தால் சக்கரம் அடிமட்டத்தில் முட்டி நிற்கும் என்பதால் அதை 3 ஆக்கி, சக்கரத்தை −5461-இல், அதாவது கீழ்நோக்கிய பாதையில் மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்தினேன். சுரத்துக்குச் சற்றுக் கீழிருந்து மெல்ல ஏறி வர இப்போது இடமிருக்கிறது. ஃபில்டரைப் பெயரளவுக்கு வைத்து, மூச்சொலியை மட்டும் தனித் தடத்தில் சேர்த்ததும், ஒரு மனிதர் தலையைத் தாழ்த்தி ஊதுவதைப் போலவே கேட்டது. வெட்கமில்லாமல் முப்பது முறையாவது கேட்டிருப்பேன்.

கடைசி ஒரு நிமிடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதற்குள் மனம் ஷாமிசென் என்னும் மூன்று தந்தி ஜப்பானிய வாத்தியத்துக்குத் தாவிவிட்டது: அதன் தடித்த தந்தி கழுத்தில் உரசி எழுப்பும் சவரி என்னும் அதிர்வு, தம்புராவில் ஜீவாளி நூல் தரும் ரீங்காரத்துக்கு நெருங்கிய உறவு என்பதால், அதை ஒலித்தொகுப்பில் தேடாமல் வீட்டுத் தம்புராவிலிருந்தே பதிவுசெய்து பார்க்க எண்ணியிருக்கிறேன்.