மூடுலில் ஏற்றிய வேர்ட் கோப்பு மாணவரின் போனில் எப்படித் தெரிகிறது

மொரீசியசில் எஸ்.சி., எச்.எஸ்.சி. (பள்ளி, மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வுகளுக்குத் தமிழ் நடத்துகிறவர்கள் குறிப்பை வேர்டில் அடித்து, மூடுல் போன்ற கற்றல் தளத்தில் ஏற்றிவிட்டு, “தளத்தில் போட்டிருக்கிறேன், பாருங்கள்” என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் பிளகின் என்ற கூடுதல் இணைப்பு மென்பொருள் எதுவும் சேர்க்காத மூடுலுக்குள் வேர்ட் கோப்பைப் பார்க்க வழியில்லை. பிரவுசருக்கு பி.டி.எஃப். தெரியும், படங்கள் தெரியும், வேர்ட் கோப்பின் வகையான டாக்எக்ஸ் தெரியாது. அமைப்பில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோப்பு மாணவரின் கருவிக்கு இறங்கத்தான் செய்யும். அதன்பிறகு அது எப்படித் தெரியும் என்பது அந்தக் கருவியில் உள்ள ஆப்பையும் எழுத்துருவையும் பொறுத்தது.

ஆப் இல்லாதது சின்னச் சிக்கல். வேர்ட் ஆப்போ கூகுள் டாக்ஸோ இலவசமாகவே கிடைக்கும், நிறுவச் சொன்னால் போதும். எழுத்துருதான் பெரிய தொல்லை. ஆசிரியர் விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்திருப்பார். ஆண்ட்ராய்டு போனில் லதா கிடையாது, நோட்டோ தமிழ் வந்து உட்காரும். ஐபோனில் ‘தமிழ் சங்கம்’ என்ற எழுத்துரு வரும். எழுத்தின் அகலம் மாறினால் வரி மடியும் இடமும் மாறும். உரைநடைக்குப் பெரிய பாதிப்பில்லை. செய்யுளுக்கு உண்டு. குறள் வெண்பாவில் முதலடிக்கு நான்கு சீர், அடுத்த அடிக்கு மூன்று. பெரிய எழுத்தில், ஓரம் தள்ளி வைத்த குறளில் நான்காம் சீர் கீழே இறங்கிவிட்டால், புதிதாகப் படிக்கிற பிள்ளை அதையே தனி அடி என்று மனப்பாடம் செய்துகொண்டு வரும். “3ஆம் பக்கம், இரண்டாம் பத்தி” என்று வகுப்பில் சொல்வதும் இதே காரணத்தால் பொருந்தாமல் போகும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பழைய கையேடுகளில் இதைவிட மோசமான ஒன்று உண்டு: பாமினி போன்ற, யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருக்கள். அந்தக் கோப்பின் உள்ளே இருப்பது தமிழே இல்லை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு இல்லாத போனில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் இங்குள்ள குறிப்புகளில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பொருள் எழுதியிருக்கும். பக்கத்தை அப்படியே மாற்றியில் ஒட்டினால் அந்த ஆங்கிலமும் பிரெஞ்சும் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் துண்டு துண்டாக எடுத்து மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

வாசிக்க மட்டும் கொடுக்கும் எதையும் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுவதே சரி. எழுத்துரு நிறுவியிருக்கிற அதே கணினியில் செய்ய வேண்டும், கோப்பை வேறு கணினிக்கு எடுத்துப்போய் அல்ல. வேர்டில் ஃபைல், சேவ் ஆஸ் போய், வகையில் பி.டி.எஃப். தேர்ந்து, ஆப்ஷன்ஸில் ‘பி.டி.எஃப்./ஏ’ என்று இருப்பதை டிக் செய்தால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். அதற்கு முன் தாள் அளவை ஏ4இலிருந்து ஏ5க்கு மாற்றுங்கள். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் போன் திரையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 4 புள்ளியாகிவிடும். ஏ5இல் 14 புள்ளி வைத்தால் ஆறரைக்கு மேல் நிற்கும், பெரிதாக்காமலே படித்துவிடலாம். ஏ5க்கு மாற்றியதும் செய்யுள் அடிகள் மடிந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

ஏற்றும்போது ‘டிஸ்ப்ளே’ என்ற அமைப்பில் ‘எம்பெட்’ (பக்கத்துக்குள்ளேயே பதிப்பது) வைத்தால் கணினியில் அழகாக இருக்கும். ஐபோனில் அப்படிப் பதித்த பி.டி.எஃப். பல நேரம் முதல் பக்கத்தோடு நின்றுவிடும். கடைசிப் பக்கத்து வினாவுக்கு வகுப்பில் பாதிப்பேர் பதில் எழுதவில்லை என்றால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ‘ஓப்பன்’ வைத்தால் இந்த வம்பு இல்லை.

வேர்ட் கோப்பைப் பிரவுசரிலேயே காட்டும் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் வியூவரில் மூடுல் கோப்பின் முகவரியைக் கொடுத்துப் பதிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அது ஓடாது. கோப்பை எடுக்க வருவது மைக்ரோசாஃப்டின் சர்வர். அதற்கு உங்கள் தளத்தில் கணக்கு இல்லை, லாகின் பக்கத்தோடு திரும்பிப்போகும். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்துப் பதிக்கலாம். அப்போது ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்வை மாற்ற மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் தேர்வுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு அனுமதி கேட்டு வரிசையாக மெயில் வரும்.

எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கவும் கூடாது. மாணவர் நிரப்பித் திருப்பித்தர வேண்டிய பயிற்சித்தாள் வேர்டாகவே இருக்கட்டும். மேற்கோளாக எடுத்தாள வேண்டிய பகுதியும் அப்படித்தான்: பி.டி.எஃப்.இலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி ஒட்டும். ஒன்றிரண்டு பக்கக் குறிப்பென்றால் கோப்பே வேண்டாம், மூடுலின் ‘பேஜ்’ வகையில் நேரடியாக ஒட்டிவிடுங்கள். எந்தப் போனிலும் திரைக்கேற்ப மடியும். பவர்பாயின்டைப் பி.டி.எஃப். ஆக்கினால் ஒலியும் அசைவும் போய்விடும். அவை வேண்டுமென்றால் அப்படியே ஏற்றுங்கள். கோப்பு கனமாக இருந்தால் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ கொடுத்துப் படங்களை 150 பி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 150 படப்புள்ளி) இறக்குங்கள், போன் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மாணவர்களுக்கு ஒன்று. ஒப்படைப்பை வேர்டில் ஏற்றினால், திருத்துவதற்காகச் சில தளங்களில் சர்வரே அதைப் பி.டி.எஃப். ஆக்கும். அந்த சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் ஆசிரியர் முன்னால் இருப்பது வரிசை வரிசையாகக் கட்டங்கள். வேர்டில் தரச் சொல்லாதபோது நீங்களே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுங்கள். ஏற்றியபின் ஒப்படைப்புப் பக்கத்திலிருந்தே திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசிரியர்கள் சரிபார்க்க, மேலே பெயரைத் தொட்டு ‘ஸ்விட்ச் ரோல்’ வழியாக மாணவராக மாறிப் பார்க்கலாம். ஆனால் அது அனுமதியை மட்டும்தான் காட்டும். எழுத்துருவைப் பார்க்க ஒரு போனில் திறந்தே ஆக வேண்டும்.

புயல் காலத்தில் எச்சரிக்கை வந்து பள்ளி மூடினால் கரண்டும் இணையமும் கூடவே போகலாம். மூடுல் ஆப்பில் பாடத்தை முன்னதாக டவுன்லோட் செய்து வைத்தால் ஏற்றிய பி.டி.எஃப்.களும் ‘பேஜ்’ பக்கங்களும் இணையமில்லாமல் திறக்கும். ஒன்டிரைவிலிருந்து பதித்தவை திறக்காது. அவற்றைத் தனியாக இறக்கிப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும்.