யூதவியல் படிக்க எபிரேயம் மட்டும் போதாது

யூதவியலில் சேர்பவர்கள் பலர் எபிரேயம் கற்றுக்கொண்டால் எல்லாம் திறந்துவிடும் என்று நம்புகிறார்கள். திறக்காது. எந்தக் காலம், எந்த நிலத்து யூதர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மொழி அதன் பின்னால் வரும். பாபிலோனியத் தல்மூது என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்புக்கு அரமேயம் வேண்டும், 19-ஆம் நூற்றாண்டுக் கிழக்கு ஐரோப்பாவுக்கு அங்கத்து யூதர்கள் பேசிய இத்திஷ். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனிசா (பழைய ஏடுகளைப் போட்டுவைக்கும் அறை) ஏடுகளில், கடிதங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் யூத-அரபு: எழுத்து எபிரேயம், மொழி அரபு. எபிரேயம் மட்டும் தெரிந்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார், பொருள்தான் பிடிபடாது. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரிலிருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் இந்த ஏடுகளில்தான் இருக்கின்றன.

எபிரேய எழுத்து 22. அவற்றில் ஐந்து சொல்லின் கடைசியில் வடிவம் மாறும். அதைவிடப் பெரிய தொல்லை, பெரும்பாலான நூல்கள் உயிர்க்குறி இல்லாமலே அச்சாவது. குறியிட்ட பாடநூலிலேயே ஓராண்டை ஓட்டியவர்கள் மூல நூலைத் திறந்ததும் திணறுகிறார்கள். எழுத்துப் பழகியதுமே குறியில்லாத பக்கத்துக்கு மாறுவது நல்லது.

தல்மூதின் பக்கத்தில் நடுவில் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பும் அதன் மீதான விவாதமான கெமாராவும் இருக்கும். நூல் தைத்த ஓரத்தை ஒட்டி ராஷி என்ற உரையாசிரியரின் உரை, வெளி ஓரத்தில் தோசாஃபோத் என்ற பிற்கால உரைக்குறிப்புகள். ராஷி உரை ‘ராஷி எழுத்து’ எனப்படும் தனி அச்சில் இருக்கும். அதைத் தனியாகப் பழக வேண்டும். ராஷி இறந்தது 1105-இல். அந்த அச்சு வந்தது பல நூற்றாண்டு கழித்து, அச்சகத்தாரால்! மேற்கோளில் வரும் எண் பக்கத்தை அல்ல, தாளைக் குறிக்கும். இருபுறமும் அ, ஆ என்பதுபோலப் பிரியும். தல்மூதின் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் 2-ஆம் தாளில்தான் தொடங்கும். முதல் தாளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதிகம் பிழைபடுவது ஆண்டுக் கணக்கு. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். கல்லறைக் கல்லில் தாவ், ரேஷ், பே, ஹே என்று இருந்தால் 400, 200, 80, 5, மொத்தம் 685. ஆயிரத்தைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், ஆகவே இது யூத ஆண்டு 5685. 685-உடன் 1240-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்: 1925. பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் யூத ஆண்டு திஷ்ரியில், அதாவது செப்டம்பர்-அக்டோபரில், பிறக்கிறது. கல்லில் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்று மாதம் இருந்தால் 1924 என்றே எழுத வேண்டும். அடுத்து வரும் தேவேத் இரண்டு ஆண்டிலும் விழுகிறது. அங்கே நாளையும் பார்க்காமல் ஆண்டைக் குறிக்காதீர்கள்.